பனை மரத்துக்கு இந்தப் பக்கம்

எனக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர் எண்பது சென்ட் நஞ்சை இருக்கிறது. இதை நான் இதுவரை இந்தப் பக்கத்தில் சொன்னதில்லை. சொன்னால் என்னைப் பண்ணையார் என்று நினைத்து, 'இந்த ஆளுக்கு எதுக்கு சார் சன்மானம்?' என்று ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிடுவீர்களோ என்று பயம். நிஜத்தில் அந்த வயலில் நான் கடைசியாகக் கால் வைத்து ஆறு வருஷம் ஆகிறது. அதுவும் அப்பா காரியத்துக்கு ஊருக்குப் போனபோது செல்போன் சிக்னல் தேடி வரப்பில் ஏறியதுதான்.

போன ஆவணியில் சித்தப்பா போன் பண்ணினார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம ஊருக்கு வந்துரு. கண்மாய்க்கு சங்கம் ஆரம்பிக்கிறாக. ஆயக்கட்டுல நமக்கு நெலம் இருக்குல்ல, நீ வந்து கையெழுத்துப் போடணும்."

"நீங்களே போட்டுருங்களேன் சித்தப்பா."

"போட்டேன்ப்பா. கண்டுபுடிச்சுட்டாக."

மதுரையில் பஸ் ஏறினேன்.

எங்கள் சிவகங்கைப் பக்கம் ஏரிக்குக் கண்மாய் என்று பெயர். அதன் மடைத் தண்ணீர் பாய்கிற வயல் மொத்தமும் ஆயக்கட்டு. தமிழ்நாட்டில் சின்னதும் பெரிசுமாக சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேலே என்றால் நீர்வளத்துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அதாவது 41 ஹெக்டேர் கண்மாய் உடைந்தால் ஒரு ஆபீஸுக்கு மனு, 39 ஹெக்டேர் உடைந்தால் வேறு ஆபீஸுக்கு மனு. எங்களுடையது 112 ஏக்கர், 40 ஹெக்டேரைக் கொஞ்சம் தாண்டியது. 'பெரிய ஆபீஸ் கண்மாய்' என்று ஊரில் இதில் ஒரு பெருமை வேறு உண்டு.

பிள்ளையார் கோயில் திடலில் கூட்டம். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள், ஓர் ஆபீஸர், கிராம நிர்வாக அலுவலர், நாற்பது நாற்பத்தைந்து சம்சாரிகள். தரையில் கோலப்பொடி, செங்கல் தூள், அடுப்புக்கரி. முதல் நாள் வேலை எல்லை போடுவது. எல்லை போட்டால்தான் திட்டம், திட்டம் போட்டால்தான் பணம் என்றார்கள்.

எல்லைக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று நானும் நினைத்தேன். பி.காம். மூளைக்கு அப்புறம்தான் உறைத்தது. எல்லைக்குள் இருக்கிறவன் பங்குத்தொகை கட்டணும், கூட்டத்தில் பேசலாம். வெளியே இருக்கிறவன் கட்ட வேண்டாம், பேசவும் வேண்டாம். 2017-ல் அரசாங்கம் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளை எடுத்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கு ஆயக்கட்டுதாரர்கள் பங்கு என்று வைத்தார்கள். பணமாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம். அப்படி என்றால் யார் ஆயக்கட்டுதாரர் என்று ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்?

முதலில் கிராம நிர்வாக அலுவலர் தன் வரைபடத்தை விரித்தார். ரெவின்யூ கிராமத்தின் எல்லை. அதன்படி 112 ஏக்கரில் 74 ஏக்கர்தான் எங்கள் கிராமம், மீதி 38 ஏக்கர் பக்கத்து கிராமக் கணக்கில் வருகிறது. "அவுக எதுக்கு நம்ம சங்கத்துல?" என்றார் ஒருவர். "எங்க வயலுக்கும் இதே மடைதானய்யா?" என்றார் பக்கத்து கிராமத்துக்காரர். இரண்டு மணி நேரம் போயிற்று. கடைசியில் மடைதான் ஜெயித்தது.

அடுத்து ஆபீஸர், சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட்டை விரித்தார். ஒரு நிலத்தில் விழும் மழை எங்கே வடிந்து எங்கே சேருகிறதோ, அந்த முழுப் பரப்புதான் நீர்வடிப்பகுதி. அதைத்தான் எல்லையாக வைக்க வேண்டும் என்றார். நியாயம்தான். 1995-ல் ஹனுமந்த ராவ் கமிட்டி சொன்னதை வைத்து மத்திய அரசு புது வழிமுறை கொண்டுவந்தது, சுமார் 500 ஹெக்டேருக்கு ஒரு திட்டம் என்று. 2008-ல் வந்த பொது வழிகாட்டியில் அது 1,000 முதல் 5,000 ஹெக்டேர் ஆகிவிட்டது. சின்னதாக வைத்தால் மேலேயிருந்து வரும் தண்ணீர் கணக்கில் வராது. பெரிதாக வைத்தால் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாத பத்து ஊர் ஒரே கமிட்டியில் உட்கார வேண்டும். முகம் தெரியாதவனோடு கூட்டு வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸ் புஸ்தகத்திலேயே தனி அத்தியாயம் உண்டு. தலைப்பு: கலைப்பு.

டோப்போ ஷீட்டில் இன்னொரு கஷ்டம். அதில் உயரத்தைக் காட்ட வளைவுக் கோடுகள் போட்டிருப்பார்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். மலைப் பக்கம் என்றால் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், எது மேடு எது பள்ளம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எங்கள் சீமை தோசைக்கல் மாதிரி. இரண்டு கோட்டுக்கு நடுவில் நாலு கண்மாய், ஒரு பள்ளிக்கூடம், ஒரு டாஸ்மாக் எல்லாம் வசதியாக உட்கார்ந்திருக்கின்றன. ஆபீஸர் பென்சிலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பாவம், நல்ல மனுஷர். வேர்த்துக் கொட்டியது.

(தண்ணீர் ஓடுகிறபடி எல்லை போடுங்கள் என்பது புது யோசனை இல்லை. ஜான் வெஸ்லி பவல் என்று ஓர் அமெரிக்கர். சண்டையில் ஒரு கையை இழந்தவர், மிச்சமிருந்த ஒரு கையோடு 1869-ல் கொலராடோ நதியில் படகு விட்டு கிராண்ட் கேன்யனைக் கடந்தவர். மொன்டானா தனி மாநிலமாகும் சமயத்தில், 1889-ல், அங்கே போய் 'உங்கள் மாவட்டங்களை ஆற்றுப் படுகைப்படி பிரித்துக்கொள்ளுங்கள்' என்று பேசினார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதோடு சரி. அமெரிக்க மேப்பில் மேற்குப் பக்கத்தைப் பாருங்கள், பாதிக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது.)

நம் ஆட்கள் ஸ்கேலை நம்பியதில்லை. ராஜராஜ சோழன் காலத்து ஆனைமங்கலம் செப்பேட்டில், ஊர் எல்லையைக் குறிக்கப் பெண் யானை ஒன்றை நடக்க விட்டு, அது சுற்றி வந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டதாக வருகிறது. யானைக்கு லஞ்சம் கொடுப்பது கஷ்டம் என்பதால் இருக்கலாம். ஒரு கட்டுக் கரும்புக்கு மேல் அதற்கு ஆசையும் கிடையாது.

எங்களிடம் யானை இல்லை. எங்கள் நீர்ப்பாய்ச்சி இருந்தார்.

நீர்ப்பாய்ச்சி என்பது வேலையின் பெயர். நீர்க்கட்டி, மடைக்குடும்பன், கம்புகட்டி என்று சீமைக்கு ஒரு பெயர் உண்டு. மடையைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று முறை வைத்துப் பாய்ச்சுவது, ராத்திரி கரையைச் சுற்றி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையின்போது களத்து மேட்டில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் அளப்பார்கள். அந்தக் கூலிக்குப் பெயர் 'சுதந்திரம்'. கிண்டல் இல்லை, பழைய கணக்குகளில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

எழுபதைத் தாண்டிய மனிதர். கூட்டத்துக்குள் வராமல், திடலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என் அப்பா அவரைவிட வயதில் சின்னவர், ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அது வாயில் வராது, 'பெரியவரே' என்பேன். அவருக்கு என்னைத் 'தம்பி' என்று சொல்வதா 'ஐயா' என்பதா என்று குழப்பம். அதனால் பல வருஷமாக எங்கள் பேச்சில் இரண்டுமே இருக்காது. மொட்டையாகப் பேசிக்கொள்வோம், டெலிகிராம் மாதிரி.

தொண்டு நிறுவனத்துப் பெண்தான் அவரைக் கூப்பிட்டது. "தாத்தா, நீங்க வாங்க."

வந்தார். செருப்பைத் தூரத்திலேயே விட்டுவிட்டார். கோலப்பொடிக் கண்மாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனியாமல், கால் கட்டைவிரலால் தரையில் ஒரு கோடு இழுக்க ஆரம்பித்தார்.

"இது மேலூருக்குப் போற பாதை. இந்தா, இங்கிட்டு ஒத்தப் பனை. பனைக்கு இந்தப் பக்கம் விழுற மழ நம்ம கம்மாய்க்கு. அந்தப் பக்கம் விழுறது அவுக கம்மாய்க்கு. இங்கன பாற இருக்கு, தண்ணி திரும்பும். இங்கன முன்ன ஓட இருந்துச்சு, இப்ப பிளாட்டு போட்டாக, அந்தத் தண்ணி ரோட்டுல போகுது."

ஆபீஸர் பென்சிலை எடுத்து அவர் சொல்லச் சொல்ல டோப்போ ஷீட்டில் குறித்துக்கொண்டார். இருபது நிமிஷத்தில் கோடு முடிந்துவிட்டது. கோட்டின் வடபாதி முழுக்க மேலூரில் இருந்தது. (இது எங்களுக்கு மேலே இருப்பதால் நாங்கள் சொல்கிற மேலூர். மதுரை மேலூர் இல்லை.) எங்கள் கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் அந்த ஊர் வழியாகத்தான் வருகிறது. கண்மாய் நிறைந்தால் பின் தண்ணீர் ஏறி நிற்கிற ஓரத்து வயல்களும் அவர்களுடையதுதான். அந்த ஊர் வேறு தாலுகா, வேறு ஒன்றியம். "அது அடுத்த ஃபேஸ்ல பார்த்துக்கலாம்" என்று ஆபீஸர் கோட்டை ஊர் எல்லையோடு வெட்டிவிட்டார். யாரும் மறுப்பு சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் கொஞ்சம் பேசினார்கள். "நாங்க துவைக்கிற படித்துறை எந்தக் கோட்டுக்குள்ள வருது?" என்று ஒரு அக்கா கேட்டார். பையன்கள் கண்மாய் நடுவில் கரித்தூளால் ஒரு செவ்வகம் போட்டார்கள். கிரிக்கெட் பிட்ச். வருஷத்தில் ஏழு மாசம் கண்மாயை யார் உபயோகிக்கிறார்கள் என்று பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கோடையில் கிடை போட வரும் கீதாரிகளுக்கு எங்கள் கண்மாய்தான் தண்ணீர். அவர்கள் அன்றைக்கு வேறு எங்கோ ஆட்டோடு இருந்தார்கள்.

பிறகு உறுப்பினர் படிவம். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், பரப்பு. நிலம் இருந்தால் உறுப்பினர். இது எங்கள் ஊர் கண்டுபிடித்த விதி இல்லை. 2000-ல் வந்த தமிழ்நாடு விவசாயிகள் நீர்ப்பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டமும் பாசனப் பரப்பில் நிலம் உள்ளவரைத்தான் உறுப்பினராகப் பார்க்கிறது. இன்னும் பின்னால் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 921-ல் வெட்டிய கல்வெட்டு. ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்தில் வயது வரம்பை எடுத்துவிட்டோம். நிலம் அப்படியே இருக்கிறது.

என் ஒரு ஏக்கர் எண்பது சென்ட்டுக்கு நான் உறுப்பினர் ஆனேன். ஆனதோடு விட்டார்களா? "பி.காம். படிச்ச புள்ள, வரவு செலவு பாக்கட்டும்" என்று பொருளாளரும் ஆக்கிவிட்டார்கள். நெல் எந்த மாசம் கதிர் விடும் என்று தெரியாத பொருளாளர்.

நீர்ப்பாய்ச்சிக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. "அவரைச் சேர்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "சேக்கலாம்ப்பா, எதுல சேக்குறது? சர்வே நம்பர் என்ன போடுவ?" என்றார் சித்தப்பா. அதற்கு அரை நிமிஷம்தான் ஆனது. அன்றைக்கு எழுதிய பேரேட்டில் அவர் பெயர் வந்தது. செலவுப் பக்கத்தில்.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மாள் 1990-ல் பொதுச் சொத்துகளை ஊர்க்காரர்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். 2009-ல் பொருளாதார நோபல், அந்தப் பரிசு வாங்கிய முதல் பெண். ரொம்ப காலம் தாக்குப்பிடித்த ஏற்பாடுகளை உலகம் முழுக்கப் பார்த்து எட்டு அம்சங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். முதல் அம்சமே எல்லைதான். ஆனால் அதில் எல்லை இரண்டு: சொத்து எதுவரைக்கும், உரிமை யார் யாருக்கு. நாங்கள் முதல் எல்லைக்கு ஒரு பகல் முழுக்கச் செலவழித்தோம்.

ஐப்பசியில் நல்ல மழை. நான் மதுரையில் யாருக்கோ வருமான வரி நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு போன்.

"கண்மாய் பெருகிருச்சு. கலுங்குல மூட்ட அடுக்கி வச்சிருக்காக. பிரசிடெண்டு கோயமுத்தூரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. ஒங்ககிட்ட சொல்லணும்ல, அதான்."

நீர்ப்பாய்ச்சிதான். கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தபின் உபரி தானாக வழிகிற இடம். அங்கே நிற்கும் கற்களுக்கு நடுவே மண் மூட்டை அடுக்கினால் அரை அடி, முக்கால் அடி தண்ணீர் கூடப் பிடிக்கலாம். எங்கள் ஆட்கள் பிடித்திருந்தார்கள். ஆயக்கட்டுக்கு அது இன்னொரு தண்ணீர், கடைசிக் கதிருக்கு உதவும். ஆனால் அந்த முக்கால் அடி பின்னால் ஏறும். மேலூர் ஓரத்து வயல்களில் நெல் மூழ்கிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணணும் பெரியவரே?"

"எடுத்துட்டேன்."

"மூட்டையையா?"

"ஆமா. எடுத்துட்டுத்தான் கூப்புடுறேன்."

கார்த்திகைக் கூட்டம் சூடாக இருந்தது. யாரைக் கேட்டு எடுத்தார், அவர் உறுப்பினரே இல்லையே, சங்கத் தீர்மானம் இல்லாமல் கலுங்கில் கை வைக்க அவர் யார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இந்த வருஷ சுதந்திரத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று ஒரு தீர்மானம். பொருளாளர் எழுத வேண்டியது. மேலூர் வயல் மூழ்கினால் நமக்கென்ன, அது நம் எல்லையில் இல்லையே என்று ஒருவர் அந்த டோப்போ ஷீட் நகலையே எடுத்து ஆட்டினார். பென்சில் கோடு, ஊர் எல்லையில் வெட்டியபடி அப்படியே இருந்தது.

பெரியவர் அன்றைக்கும் வேப்பமரத்தடியில்தான். உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"அவுக நெல்லு முங்குனா சும்மா இருப்பாகளா? வர்ற வருசம் வரத்துக்கால்ல மம்பட்டியப் போட்டு மறிப்பாக. எங்கப்பன் காலத்துல ஒருக்க மறிச்சாக. மூணு வருசம் இங்க நாத்துப் பாவல."

அவ்வளவுதான் சொன்னார். அதிலே உண்மை இருக்கிறது என்று உள்ளூர எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒத்துக்கொள்ள யாருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் மட்டும், "அதெல்லாம் அந்தக் காலம்" என்றார்.

நான் தீர்மான நோட்டில் எழுதவில்லை. கொள்கை, புரட்சி எல்லாம் இல்லை. கணக்குப்படி அந்த சுதந்திரத்தைக் கொடுத்தாகிவிட்டது, நெல் அளந்த ரசீது என் பேரேட்டில் இருக்கிறது, கொடுத்ததைப் பிடிக்க வழி இல்லை என்றேன். முழு உண்மை என்னவென்றால் ரசீதுக்கு முன் தேதி போட்டிருந்தேன். அறுப்பே தையில்தான் என்பது பொருளாளருக்குத்தான் தெரியாது, உறுப்பினர்களுக்கா தெரியாது? சித்தப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "கணக்குல ஏறிருச்சுன்னா ஏறுனதுதான்" என்று எழுந்து துண்டை உதறினார். கூட்டம் கலைந்தது.

பஸ்ஸுக்கு நிற்கையில் பெரியவர் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, உள்ளே கண்மாய்க் கெண்டை.

"கொண்டுபோ தம்பி. வீட்டுல கொழம்பு வைக்கச் சொல்லு."

பஸ்ஸில் மீன் வாடைக்குப் பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விட்டார். மதுரை வரை வசதியாகக் கால் நீட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு உறுப்பினர் படிவத்தை எடுத்து நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர், சரி. பரப்பு என்ற இடத்தில் 112 ஏக்கர் என்று எழுதினேன். சர்வே எண் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'மடை எண் 2' என்று எழுதினேன்.

தபாலில் அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் திருப்பி அனுப்பவில்லை.